கிருபை எந்தப் பக்கம்

மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் எக்ஸ்ரே சென்டரில் ஈ ஓட்டுகிற வேலைதான். கை முறிந்தவர்களும் நெஞ்சுச் சளிக்காரர்களும் காலையிலேயே வந்து போய்விடுவார்கள், டாக்டர் சாப்பிடப் போய்விடுவார், வரவேற்பு மேசைப் பெண் கைபேசிக்குள் போய்விடுவாள், நான் இந்த ஜன்னல் இல்லாத அறையில் ஏசியின் உறுமலைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். இழுப்பறையில் புத்தகம் இருக்கிறது. பழுப்புத் தாளில் அட்டை போட்டு மேலே 'கதிரியக்கப் பாதுகாப்பு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தத் தலைப்பைப் பார்த்தால் ஒருவரும் திறக்க மாட்டார்கள், இருபத்தேழு வருட அனுபவத்தில் சொல்கிறேன். உள்ளே இருப்பது யூதர்களின் மறைஞானமான கபாலாவும் குறி பார்க்கிற டாரட் சீட்டுகளும், தொடக்கநிலை வாசகர்களுக்கு. நாற்பத்தொன்பது வயதில் எதிலாவது தொடக்கநிலையில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மணி இரண்டு பத்து. நான்கு மணிக்கு ஜாஸ்லின் போன் செய்வாள். ஜாஸ்லின் என் நாத்தனார், பதினான்கு வருடத்துக்கு முன்னால் என்னை விட்டுப் போன என் புருஷன் ஆசீரின் தங்கச்சி. போன சனிக்கிழமை திடீரென்று கூப்பிட்டாள். அண்ணனுக்குக் கழுத்தில் கட்டி, ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று, இனி ஏழு வாரம் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர் சிகிச்சை, அதற்கு மதுரைக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள், சாத்தான்குளத்திலிருந்து தினமும் வந்து போக முடியாது, உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வீர்களா மைனி என்றாள். ஒரு வாரம் டைம் கொடு என்றேன். அந்த ஒரு வாரம் இன்று நான்கு மணியோடு முடிகிறது.

அதனால் படிக்கிறேன். படிப்பது என்றால் ஒரே பக்கத்தை மூன்று தடவை பார்ப்பது. மூன்று மாதத்துக்கு முன்னால் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் இது கிடைத்தது, கூடவே ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக்கட்டு. முழுக்கட்டு எழுபத்தெட்டாம், எனக்குக் கிடைத்தவை பெரிய சீட்டுகள் இருபத்திரண்டு மட்டும். சீட்டுக்காக வாங்கவில்லை. புத்தகத்தைப் புரட்டினபோது ஆலெப், பேத், கிமெல், டாலெத் என்று இங்கிலீஷில் வரிசையாக இருந்தது, அப்படியே நின்றுவிட்டேன். ஐயோ இது எனக்குத் தெரியுமே. நாசரேத்தில் ஞாயிறு பள்ளியில் வேதத்திலேயே நீளமான சங்கீதத்தை மனப்பாடம் செய்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள் நான். ஆலெப், பேத் என்று எட்டு வசனத்துக்கு ஒரு தலைப்பு, மொத்தம் இருபத்திரண்டு தலைப்பு. அந்தப் பெயர்களெல்லாம் எபிரெய எழுத்துகள் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு ஆள் என்று நினைத்திருந்தேன். பேத் கொஞ்சம் குண்டு, லாமேட் உயரம், தௌ கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குகிறவன். என் பெயரே எபிரெயம்தான், ஹெப்சிபா, ஹெப்சி என்று கூப்பிடுவார்கள். நாற்பது வருடம் கழித்து, உன் ஊர்க்காரர்கள் இதோ இருக்கிறார்கள் என்று ஒரு நடைபாதைக் கடை சொல்கிறது. எழுத்து இருபத்திரண்டு, கபாலாவில் வரைகிற ஜீவ மரத்தின் பாதைகள் இருபத்திரண்டு, சீட்டு இருபத்திரண்டு. ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பாதை, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு சீட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னுரையில் அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள், இந்தச் சீட்டுகள் இத்தாலியில் ஆடுவதற்காகச் செய்யப்பட்டவை, முந்நூறு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் பிரான்சில் சிலபேர் கபாலாவோடு சேர்த்து முடிச்சுப் போட்டார்கள், தலைமுறை தலைமுறையாகக் கபாலா படித்த யூதர்கள் இந்தச் சீட்டைத் தொட்டதே இல்லை. எண்ணிக்கை ஒத்துப்போனதால் நடந்த கல்யாணம். எங்கள் கல்யாணமும் அப்படித்தான், இரண்டு பேருக்கும் நாசரேத் பக்கம், இரண்டு பேருக்கும் ஒரே சபை, இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, பிறகென்ன என்றார்கள். சபைப் போதகருக்கு இந்தச் சீட்டு விஷயம் தெரிந்தால் வீட்டுக்கே வந்து முழங்கால் போட்டு ஜெபிப்பார். குறி பார்ப்பது பாவம், எனக்குத் தெரியாதா. நான் குறி பார்க்கவில்லை, படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன், இன்று காலைவரை அது உண்மையாகவும் இருந்தது.

இன்று காலையில் முதல்முறையாகச் சீட்டைப் பரப்பினேன். மரம் என்பது பத்து வட்டம், மூன்று தூண். மேலே கிரீடம், அடியில் ராஜ்யம், அதாவது நாம் செருப்புப் போட்டு நடக்கிற இந்தத் தரை. நடுவில் ஒரு தூண், இருபுறமும் ஒவ்வொன்று. நான்காவது வட்டத்தின் பெயர் கெசெத், அதற்கு நான் கிருபை என்று எழுதிக்கொண்டேன். அதற்கு நேர் எதிரே ஐந்தாவது, கெபுரா, அதற்குக் கண்டிப்பு என்று எழுதினேன். இரண்டுக்கும் நடுவில் போகிற பாதையில் ஒரு பெண் சிங்கத்தின் வாயைக் கையால் பிடித்திருக்கிற சீட்டு, திறக்கிறாளா மூடுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. மரத்தின் படம் இருந்த தாளை என் புத்தகத்தில் எவனோ கிழித்திருக்கிறான், எழுத்தைப் படித்துப் படித்து நானேதான் ஒரு பழைய ஃபிலிம் கவரின் பின்பக்கம் வரைந்தேன். காலை ஆறரைக்குச் சாப்பாட்டு மேசையில் அதை விரித்து, புத்தகம் சொன்னபடியே நான்காவது சீட்டை வலது கைப்பக்கம், ஐந்தாவதை இடது கைப்பக்கம் என்று பத்தையும் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் கிருபை என்று நான் எழுதிய வட்டத்தில் கோபுரம். இடி விழுந்து கோபுரம் பிளக்கிறது, இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள். கண்டிப்பு என்று எழுதிய வட்டத்தில் நட்சத்திரம், ஒரு பெண் அமைதியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும். இரக்கப்பட்டால் வீடு இடியும், கறாராக இருந்தால் நிம்மதி. முடியாது என்று சொல்லிவிடு ஹெப்சி. எவ்வளவு லேசாக இருந்தது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதையும் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். முடியாது ஜாஸ்லின், எனக்கு முடியாது, இதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று சிம்மக்கல் வரை சொல்லிப் பார்த்தேன், எல்லா விதமும் நன்றாக இருந்தது.

ஆசீர் கெட்டவர் இல்லை. குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேறு பெண் இல்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பதினாறு வருடத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்தில், எங்கள் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார், பொழுதன்னைக்கும் அந்த எக்ஸ்ரே ரூமுக்குள்ளேயே கெடந்தா புள்ள வேற எப்படி இருக்கும். கத்தவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருடம். ஒரே வீடு, ஒரே மேசை, உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள்வார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை பிடித்துப் பார்த்தேன், நானும் பேசாமல் இருந்து பார்த்தேன். பிறகு ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு சாத்தான்குளத்துக்குப் போய்விட்டார், அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. நான் மாசமானது தெரிந்த நாளே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தவள். ஈய ஏப்ரனைக் கழற்றாதவள். வயிற்றுக்கு நேரே கதிரை அளக்கிற இரண்டாவது பேட்ஜ் குத்திக்கொண்டு, அதன் அளவு வரும்போதெல்லாம் நெஞ்சு அடிக்க அடிக்க வாங்கிப் பார்த்தவள். எல்லா மாதமும் அளவு சரியாகத்தான் இருந்தது. தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். எதற்கு வைத்திருக்கிறேன் என்றால், அவர் சொன்னதை நான் பாதி நம்புகிறேன், அதற்குத்தான். எனக்கு அவர் திரும்பி வர வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் போதும். உன் தப்பு இல்லை என்று அவர் வாயால் கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு யாரும் எனக்கு ஒன்றும் தர வேண்டாம்.

கதவு தட்டுகிற சத்தம். இருமலோடு ஒரு பெரியவர், அவரைத் தாங்கியபடி அவர் மனைவி. சட்டையைக் கழற்றச் சொல்லி, கழுத்துச் செயினை மனைவி கையில் கொடுக்கச் சொல்லி, பலகையோடு நெஞ்சை ஒட்டி நிற்கவைத்தேன். முகவாயை மேலே தூக்கி வைக்கும்போது பெரியவரின் தோல் சில்லென்று இருந்தது. அந்த அம்மா வெளியே போகாமல் வாசலில் நின்று, "ஏம்மா, இந்தக் கரண்டு ஒடம்ப ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்று கேட்டார். "ஒண்ணும் பண்ணாதும்மா, வெயில்ல நிக்கிற மாதிரிதான். நீங்க வெளிய இருங்க" என்றேன். ஒரு நாளைக்கு எட்டுப் பேராவது கேட்கிறார்கள், எட்டுப் பேருக்கும் இதே குரலில் சொல்கிறேன். ஒண்ணும் பண்ணாது. ஒண்ணும் பண்ணாது. பெரியவர் மூச்சைப் பிடித்தார், விட்டார், முடிந்தது. படம் திரையில் வந்தது. இடது பக்கத்தில் வலது என்பதைக் குறிக்கிற ஈய எழுத்து வெள்ளையாக, வலது பக்கத்தில் இதயம். எப்போதும் அப்படித்தான். படத்தில் இருக்கிறவர் நமக்கு எதிரே நிற்கிறார், அவருடைய வலது நமக்கு இடது. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இது ஒரு வாரம் குழப்பும், பிறகு வேறு விதமாகப் பார்க்கவே வராது. கேலண்டரில் இருக்கிற இயேசுவைப் பார்த்தாலும் நான் முதலில் வலது பக்கம் எது என்றுதான் மனசுக்குள் குறித்துக்கொள்வேன். நுரையீரலில் கீழே கொஞ்சம் சளி, பயப்பட ஒன்றுமில்லை, அதை நான் சொல்லக் கூடாது, டாக்டர் சொல்வார். அவர்கள் போனதும் புத்தகத்தை எடுத்தேன். மூன்று பத்து. விட்ட இடத்திலிருந்து இரண்டு பக்கம் தள்ளி ஒரு சின்னக் குறிப்பு. மரத்தை உனக்கு எதிரே நிற்கிற ஆளாகப் பார்க்காதே, அதில் முதுகைச் சாய்த்து நிற்பதாக நினைத்துக்கொள், உன் வலது கைதான் கிருபையின் பக்கம், தாளைப் பார்க்கும்போதும் அது உன் வலது கைப்பக்கமே இருக்கும். இரண்டாவது தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது உடம்பு முழுக்க மெதுவாகச் சூடு ஏறியது.

ஏனென்றால் நான் எழுதியது மாறிப்போயிருக்கிறது. கிருபையின் தூண் வலது பக்கம் என்று புத்தகத்தில் இருந்தது, நானோ என் தொழில் புத்தியில் அதைத் தாளின் இடது பக்கம் கொண்டுபோய் எழுதியிருக்கிறேன், எதிரே நிற்கிற ஆளின் வலது என்று. காலையில் சீட்டை மட்டும் என் சொந்தக் கையின் வலது இடது பார்த்து வைத்திருக்கிறேன். ஆக, கண்டிப்பு என்ற பெயரின் மேல் விழுந்த நட்சத்திரம் உண்மையில் கிருபையின் சீட்டு. கிருபையின் மேல் விழுந்த கோபுரம் உண்மையில் கண்டிப்பினுடையது. இரக்கப்பட்டால் தண்ணீர் ஊற்றுகிறவள், கறாராக இருந்தால் இடி. உலகத்தில் கபாலா படித்த எத்தனையோ பேரில் எக்ஸ்ரேக்காரி ஒருத்தியால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. என் 'முடியாது' எங்கே போயிற்று. காலையிலிருந்து அதைச் சாப்பிட்டுக்கொண்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு வந்தேனே. சரி, அந்தச் சீட்டு ஆடுவதற்குச் செய்தது என்று முன்னுரையிலேயே இருக்கிறது, முடிச்சு பிரான்சில் போட்டது, இதையா நம்புவது என்று தள்ளிவிடலாம். ஆனால் காலையில் நம்பினாயே. உனக்கு வேண்டியதைச் சொன்னபோது மட்டும் அது ஆலெப், பேத், ஞாயிறு பள்ளி, தெய்வீகம். வேண்டாததைச் சொன்னால் இத்தாலிச் சூதாட்டமா. இன்னொரு அதிகாரத்தில் ஒன்று வருகிறது. உலகம் உண்டாவதற்கு முன்னால் எல்லா இடமும் கடவுளாகவே இருந்ததாம், வேறொன்று இருக்க இடமே இல்லையாம், அதனால் அவர் தன்னைத்தானே சுருக்கிக்கொண்டு கொஞ்சம் இடம் விட்டாராம், அந்த இடத்தில்தான் நாமெல்லாம் இருக்கிறோமாம். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அடிக்கோடு போட்டிருக்கிறேன். அவருக்கு என்ன, அவர் கடவுள். எனக்கு இருப்பதே ஒரு ஹால், ஒரு சின்ன ரூம், கொடி கட்டினால் தலையில் இடிக்கிற பால்கனி. பதினான்கு வருடம் இந்த மௌனம் இல்லாமல் தூங்கியிருக்கிறேன். ரேடியோ போட்டுக்கொண்டு சமைக்கிறேன். அவர் வந்து உட்கார்ந்தால் அந்த உப்புக்கு எழுந்து போகிற சத்தமும் கூட வந்து உட்காரும், அதுதான் பயம், வேறு எந்தச் செலவும் சிரமமும் எனக்குப் பெரிதில்லை. கூடவே ஒரு அல்பமான நினைப்பு. அந்த ரூம் என்று சொன்னாரே, இப்போது அவரே அப்படி ஒரு ரூமில், வாரத்துக்கு ஐந்து நாள் கணக்கில், முப்பத்தைந்து நாள் படுக்க வேண்டும், அதே கதிரை நம்பி. இதை நினைத்து ஒரு வாரமாக உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பட்டேன். மூன்று ஐம்பது. மூன்று ஐம்பத்திரண்டு. சீட்டும் வேண்டாம் மரமும் வேண்டாம், அவரே கேட்கட்டும். தங்கச்சியைத் தூது விட்டால் போதுமா, வாயைத் திறந்து கேட்கட்டும், அந்தக் குரல் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.

நான்கு மணி அடித்து நான்கு நிமிடத்தில் கூப்பிட்டாள். "மைனி, ஜாஸ்லின் பேசுதேன். சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?" என்றேன். பிறகு, தயார் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "நீ கேட்டா போதாது ஜாஸ்லின். அவரு கேக்கணும். போன அவருகிட்ட குடு."

அந்தப் பக்கம், பின்னால் எங்கோ கோழி கத்தியது.

"மைனி, ஒங்ககிட்ட ஒண்ண மறைச்சிட்டேன். அண்ணனுக்குப் பேச்சு வராது. ஆபரேஷன்ல குரல்வளையவே எடுத்துட்டாங்க, ஒரு மாசமாச்சு. இனி வராதுன்னுட்டாங்க. ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு அண்ணன்தான் எழுதிக் காட்டிச்சு. சொன்னா பாவப்பட்டுக் கூப்பிட்டுருவாங்க, அப்படி வேண்டாம்னு."

கழுத்தில் கட்டி என்றாள். நான் தைராய்டு, நெறிகட்டி என்று என்னென்னவோ நினைத்தேன். இதை நினைக்கவில்லை. எத்தனை கழுத்தைப் படம் எடுத்திருக்கிறேன், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவிடவில்லை, அவ்வளவுதான். பதினாறு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த குரலை ஒரு மாதத்துக்கு முன்னால் அறுத்து எடுத்துப் பாட்டிலில் போட்டு லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன், யாருக்காவது கணுக்காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பேன். அழுகை வந்தது. அவருக்காகவா எனக்காகவா என்று பிரிக்கத் தெரியாத அழுகை.

"பக்கத்துல இருக்காரா?"

"இருக்கு மைனி. நாற்காலில உக்காந்து பாத்துட்டு இருக்கு."

"போன அவரு காதுல வை."

நகர்த்துகிற சத்தம். அதன்பின் ஒரு ஈரமான மூச்சு, மூக்கிலிருந்து வருவதில்லை, கழுத்துத் துளையிலிருந்து வருவது. இந்த மூச்சு எனக்குத் தெரியும், படம் எடுக்க வந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

"நான் ஹெப்சி பேசுதேன். கேக்குதா? ஆமான்னா போன்ல ஒரு தட்டு தட்டுங்க. இல்லன்னா ரெண்டு."

ஒரு தட்டு.

"ஏழு வாரமும் இங்க இருங்க. ரூம நீங்க எடுத்துக்கிடுங்க, நான் ஹால்ல படுத்துக்கிடுதேன். கஞ்சி வச்சுத் தாரேன். பாவப்பட்டுச் சொல்லல. கோவம் இன்னும் இருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும். வாரீங்களா?"

மூச்சு மட்டும் வந்தது, நான்கைந்து மூச்சு. பிறகு ஒரு தட்டு.

அதோடு வைத்துவிட்டிருக்கலாம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் கூப்பிட்டாயிற்று, இனி அது மாறாது. ஆனால் கேட்டேன். குரலை அடக்கத்தான் பார்த்தேன், அடங்கவில்லை.

"நம்ம புள்ள போனது என்னாலயா?"

ஒரு தட்டு.

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. வெளியே வரவேற்புப் பெண் யாரிடமோ நாளைக்கு லீவு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, தெரிந்துகொண்டாய் அல்லவா, போதுமா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது தட்டு அதன் பிறகு வந்தது. விரல் தவறியிருக்க வேண்டும், மிகவும் தாமதமாக, மெதுவாக வந்தது. நான் இரண்டு என்று எண்ணினேனா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்போல, மறுபடியும் இரண்டு, சேர்ந்தாற்போல, பலமாக. மறுபடியும் இரண்டு. மறுபடியும்.

"என்னண்ணே இது, எதுக்கு இப்படித் தட்டுத, போன் ஒடஞ்சிரும்" என்று ஜாஸ்லின் தூரத்தில் சொல்வது கேட்டது. அவர் நிறுத்தவில்லை.